குற்றம் செய்தவருக்காக வாதாடுவதெல்லாம் ஒரு தொழிலா?

2 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

என் மகன் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறான். சிவில் வேண்டாம், கம்பெனி வேலையும் வேண்டாம், கிரிமினல் சைடுதான் போவேன் என்கிறான். செய்த தப்பிலிருந்து ஆட்களைப் பேச்சால் தப்பிக்க வைப்பதுதானே அங்கே வேலை? படித்த பிள்ளை இதில் போய் விழலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி, இரவு

இருபது வருடத்துக்கு மேலாக எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், மட்டுமே ஆஜராகிறேன். தென் மாவட்டத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட், செஷன்ஸ் கோர்ட், அப்பீலுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

பேச்சால் யாரும் தப்பிப்பதில்லை. பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை ஒழிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. எதிரே இருப்பது ஒரே ஒரு நீதிபதி. அவர் மேசையில் அன்றைக்கு இன்னும் எத்தனையோ வழக்குக் கட்டுகள். அவரிடம் குரலை உயர்த்தினால் அவருக்குத் தலைவலிதான் மிச்சம். எந்த சாட்சி, எந்தப் பக்கம், எந்த வரி என்று எடுத்துக் காட்டினால் பேனாவை எடுப்பார். அந்த வரியைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் வேலையில் முக்கால் பங்கு. உங்கள் மகனுக்குப் பேச வருமா என்று கேட்காதீர்கள். ஒரே கட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பொறுமை உண்டா என்று கேளுங்கள்.

3 பிப்ரவரி

நேற்று எழுதியது மொட்டையாக நிற்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

அடிதடி வழக்கு. காயம்பட்டவரை முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள். டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில், தெரிந்த மூன்று பேர் கட்டையால் அடித்ததாகச் சொல்கிறார் என்று எழுதுவார். அப்புறம் போலீஸ் வந்து புகார் வாங்கும். அதை வைத்துப் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையை, அதாவது எஃப்ஐஆரைப் பார்த்தால் ஏழு பேர் இருப்பார்கள், கட்டையோடு அரிவாளும் வந்திருக்கும். டாக்டரிடம் சொன்னதற்கும் ஸ்டேஷனில் எழுதியதற்கும் இடையில் சில மணி நேரம். அந்த இடைவெளியில் பழைய வரப்புத் தகராறுக்காரர், அவர் மச்சான், வெளியூரில் படிக்கிற பையன் என்று ஒவ்வொருவராகப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். அந்த மூன்று பேர் அடித்தார்களா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மீதி நாலு பேருக்காக யார் பேசுவது?

அதனால்தான் எந்தக் கட்டு வந்தாலும் கதையை அப்புறம் படிப்பேன். முதலில் மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்வேன்: சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் போன நேரம், எஃப்ஐஆர் மாஜிஸ்ட்ரேட் கைக்குப் போன நேரம். மூன்றாவது நேரத்தை மாஜிஸ்ட்ரேட்டே தன் கையெழுத்தோடு குறித்திருப்பார். அதை யாரும் பிறகு மாற்ற முடியாது. நம் ஊர் வழக்கு ஒன்றே இதற்குப் பெயர் பெற்றது, துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு. கொலை நடந்த இடத்திலிருந்து ஸ்டேஷன் இரண்டே மைல். எஃப்ஐஆர் பதிவானதோ 20 மணி நேரத்துக்கும் மேல் கழித்து. 1972-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தாமதம் ஆக ஆகப் புகாரில் ஜோடனை சேர்ந்துவிடும் என்று அன்று சொன்னது இன்றைக்கும் எங்கள் வாதங்களில் வருகிறது.

5 பிப்ரவரி

“செய்தவன்தான் என்று உங்களுக்கே தெரிந்தால்?” என்று கேட்டவருக்கு.

பெரும்பாலும் தெரியாது என்பதுதான் உண்மை. நான் அங்கே இல்லை. கட்சிக்காரர், அதாவது என்னிடம் வழக்கைக் கொடுத்தவர், சொல்வதையும் போலீஸ் எழுதியதையும்தான் கையில் வைத்திருக்கிறேன், இரண்டையுமே அப்படியே நம்புவதில்லை. சில சமயம் தெரிந்துவிடும். அவரே சொல்லிவிடுவார். அப்போதும் அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபித்திருக்கிறதா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு, கடமையும்கூட. குற்றம் சாட்டப்பட்டவர் செய்தாரா இல்லையா என்பதில் வழக்கறிஞருக்குத் தனியாக என்ன அபிப்பிராயம் இருந்தாலும் அவருக்காக ஆஜராக வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. ஆனால் அவர் என்னிடம் ஒத்துக்கொண்ட பிறகு, அன்று அவர் ஊரிலேயே இல்லை என்று ஒரு பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். வேறு ஒருவர் மேல் பழியைத் திருப்ப மாட்டேன். அவர் தனியாக என்னிடம் சொன்னதை வெளியே சொல்லவும் மாட்டேன். இந்த மூன்றுக்கும் நடுவில் நின்று செய்யும் வேலை இது.

இன்னொரு கணக்கும் சொல்லவேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்குமே தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாலு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை ஆக்கியது. மீதி 19 பேர் மீது கொலைச் சதி நிரூபணமாகவில்லை என்று அவர்களை விட்டுவிட்டது. நாடே கொதித்துப்போயிருந்த வழக்கு அது. அந்த 19 பேருக்காக யாரும் ஆஜராகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

5 பிப்ரவரி, சற்று பிறகு

இந்த மாதிரி வழக்குகளில் யாரும் ஆஜராகக் கூடாது என்று பார் அசோசியேஷனே தீர்மானம் போடுவது நல்லதுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தத் தீர்மானம் செல்லாது. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களோடு மோதலில் சிக்கிய போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் சட்டத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம் என்று சொல்லிவிட்டது. அங்கே எதிரிகள் போலீஸ்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். யாராக இருந்தாலும் வக்கீல் உண்டு.

9 பிப்ரவரி

ஒரு இளம் வழக்கறிஞர் கேட்கிறார், “மேடம், டிரயல்தானே முக்கியம்? ரிமாண்டுக்கு ஜூனியர் போனால் போதாதா?”

போதாது தம்பி. கைதானவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி, காவலில் வைக்க உத்தரவு வாங்குவதுதான் ரிமாண்ட். எனக்கும் ஆரம்பத்தில் செஷன்ஸ் கோர்ட் குறுக்கு விசாரணைதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது முதல் 24 மணி நேரம்தான் இந்தத் தொழிலின் இதயம் என்று நினைக்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ஸ்டேஷனில் அடிவாங்கி, ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்டேஷனுக்கும் சிறைக்கும் நடுவில் ரிமாண்ட் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆளை நேரில் பார்க்கவும், உடம்பில் காயம் உண்டா என்று கேட்கவும், கேட்டதைப் பதிவு செய்யவும் இருக்கிற கட்டம் அதுதான்.

ரிமாண்டுக்குப் போனால் நான் செய்வது இதுதான். ஆளைத் திரும்பச் சொல்லி முதுகைப் பார்ப்பேன், உள்ளங்காலைப் பார்ப்பேன். நடக்கும்போது காலை எப்படி வைக்கிறார் என்று பார்ப்பேன். கைது அறிக்கையில் எந்த நேரம் போட்டிருக்கிறது, குடும்பத்தில் யாருக்குச் சொன்னதாக இருக்கிறது என்று பார்ப்பேன். வீட்டுக்காரர்கள் முதல் நாள் சாயங்காலமே தூக்கிக்கொண்டு போனார்கள் என்பார்கள், அறிக்கையில் மறுநாள் காலை ஆறு மணி, பஸ் ஸ்டாண்ட் அருகே என்று இருக்கும். இதை அங்கேயே மாஜிஸ்ட்ரேட்டிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டு வருடம் கழித்து டிரயலில் சொன்னால் யார் நம்புவார்கள்?

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் அரசு செலவில் வக்கீல் உண்டு என்பதை, முதல்முறை ஆஜர் செய்யும்போதே மாஜிஸ்ட்ரேட் சொல்லியாக வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது, மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாப் வழக்கில். அவனுக்கே உண்டு என்றால் உங்கள் தெருக்காரருக்கு இல்லாமல் போகுமா?

10 பிப்ரவரி

அதே தம்பிக்கு இன்னொன்று. 60 நாள், 90 நாள் கணக்கை டைரியில் எழுதி வை. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167(2), இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் 187(3). ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும், 2023-இல் கபில் வாத்வான் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்துவிட்டது. கெடு முடிந்த மறுநாள் காலையில் மனு கோர்ட்டில் இருக்கவேண்டும். மத்தியானம் போகலாம் என்று இருந்தால் அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து உட்கார்ந்துவிடும், உரிமை போய்விடும்.

16 பிப்ரவரி

இரவு நேரக் கொலை வழக்கு ஒன்றைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன்.

நேரில் பார்த்த சாட்சி ஒருவர்தான். தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியை அடையாளம் கண்டதாகச் சொல்கிறார். போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் விளக்குக் கம்பம் இருக்கிறது, மாதிரி வரைபடத்திலும் இருக்கிறது. கட்டை எத்தனை தடவை படித்தாலும் ஓட்டை தெரியவில்லை. சரி, இடத்தைப் பார்த்துவிடலாம் என்று அதே நேரத்துக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல், ஜூனியரோடு போனேன். கம்பம் இருந்தது, விளக்கும் எரிந்தது. ஆனால் கம்பத்துக்கும் சம்பவ இடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய புளியமரம். கிளை தாழ்ந்து தெருவில் பாதியை மூடியிருந்தது. ஜூனியரை உடல் கிடந்த இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, சாட்சி நின்றதாகச் சொன்ன திண்ணையில் நின்று பார்த்தேன். ஆள் நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை.

நான் பார்த்ததை நானே கோர்ட்டில் சொல்ல முடியாது, வக்கீல் சாட்சி ஆக முடியாது. மகஜரில் கையெழுத்துப் போட்ட கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டேன். அந்த இடத்தில் புளியமரம் உண்டா? உண்டு. எத்தனை வருடமாக? என் சர்வீஸ் தொடங்கும் முன்பிருந்தே. கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் ஒரே கேள்வி: மாதிரி வரைபடத்தில் மரம் எதையும் காட்டவில்லை, சரிதானே? சரிதான். உட்கார்ந்துவிட்டேன். ஏன் காட்டவில்லை என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கக் கூடாது. கேட்டால் அவர் ஒரு காரணம் சொல்லுவார், அந்தக் காரணம் பதிவாகிவிடும். மரத்தைப் பற்றி வாதத்தின்போது நான் பேசிக்கொள்கிறேன்.

எதிரி விடுதலை ஆனார். அவர்தான் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தத் திண்ணையிலிருந்து அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

17 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, குறுக்கு விசாரணையில் பொய்யை அங்கேயே உடைத்துவிட முடியாதா என்று கேட்கிறார்கள். சாட்சி கூண்டிலேயே அழுது ஒத்துக்கொள்வதை நான் இதுவரை பார்த்ததில்லை. நடப்பது வேறு மாதிரி. சாட்சி கோர்ட்டில் புதிதாக ஒன்று சொல்கிறார், “அவன் கையில் அரிவாளைப் பார்த்தேன்.” போலீஸ் வாக்குமூலத்தில் அரிவாள் இல்லை. அரிவாள் பற்றி நீங்கள் போலீசில் சொல்லவில்லை என்று கேட்பேன். சாட்சியத்தில், “போலீசில் நான் அவ்வாறு சொல்லவில்லை என்றால் சரியல்ல” என்று பதிவாகும். தோற்றுப்போன மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் கழித்து இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறுவார். இந்த சாட்சி உங்களிடம் அரிவாள் பற்றிச் சொன்னாரா? சொல்லவில்லை. அன்றுதான் அந்த முரண்பாடு நிரூபணம் ஆகிறது. முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டதும் முரண்பாடுதான். எந்த அளவுக்கு என்பதை 1959-இல் தஹ்சில்தார் சிங் தீர்ப்பு அலசியிருக்கிறது. உங்கள் மகனை அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை வயதான அம்மா ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். வாசல் எந்தப் பக்கம், மாடு எங்கே கட்டியிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். “நீயே கூட இருந்து பார்த்த மாதிரி கேக்குறியே தாயி” என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார். எனக்கு அது பெரிய பாராட்டு.

23 பிப்ரவரி

வருமானம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. முதல் சில வருடம் கஷ்டம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் கொடுக்கவேண்டும் என்றது, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. சேரும் முன்பே சீனியரிடம் இதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஜெயித்தால் இவ்வளவு என்று பேசிக் கட்டணம் வாங்குவது இங்கே கூடாது.

பெண் பிள்ளைகள் இந்த சைடுக்கு வரலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வரலாம். கட்சிக்காரரின் உறவினர்கள் வந்து, “சீனியர் சார் எப்போ வருவாரும்மா?” என்று என்னிடமே கேட்ட காலம் உண்டு. பெண்கள் சிறையில் இருப்பவர்கள் ஆண் வக்கீலிடம் சொல்லாத விஷயத்தை நம்மிடம் சொல்வார்கள். அதில் சில விஷயங்கள் வழக்கையே மாற்றிவிடும்.

2 மார்ச்

போக்சோ வழக்குகள், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகள். இதில் என் எண்ணம் காலப்போக்கில் மாறியிருக்கிறது. 2012-ஆம் வருடத்துச் சட்டம், குழந்தையை வக்கீல் நேராகக் கேட்க விடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்கவேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். எங்கள் கையைக் கட்டிவிட்டார்கள் என்று பாரில் பலர் முணுமுணுத்தார்கள், நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். பிறகு கவனித்துப் பார்த்தேன். கேள்வியை முன்கூட்டி எழுதவேண்டி இருப்பதால் தேவையில்லாதது தானாகவே கழிந்துவிடுகிறது. பொய்யான புகாரும் உண்டு, காதல் விவகாரத்தில் பெற்றோர் கொடுப்பதும் உண்டு, அதையெல்லாம் உடைக்கக் குழந்தையை அழவைக்கத் தேவையே இல்லை. பள்ளிச் சான்றிதழ், வயது நிரூபணம், புகாரின் தேதி, மருத்துவ அறிக்கை, இவை போதும். குழந்தையைக் கலங்கடிக்கும் வக்கீல் நல்ல வக்கீல் என்ற எண்ணத்தை இந்தத் தொழில் விட்டுவிட வேண்டும்.

3 மார்ச்

தோற்ற வழக்குகள் பற்றி எழுதவில்லையே என்கிறீர்கள். உண்டு, நிறைய. சரியாகத் தண்டனை வந்தது என்று எனக்கே தோன்றியவையும் உண்டு. அவற்றில் தூக்கம் கெடுவதில்லை. விசாரணை சரியாக நடந்தது, கேட்கவேண்டியதைக் கேட்டேன், தீர்ப்பு வந்தது. தூக்கம் கெடுவது ஜெயித்த வழக்குகளில்தான். நாலைந்து வருடம் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்துவிட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று வெளியே வருகிறார் ஒருவர். வேலை போயிருக்கும், பிள்ளைகள் பள்ளியை விட்டிருப்பார்கள். அவருக்கு நஷ்ட ஈடு உரிமை என்று தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரை செய்தது. இதற்காக வழக்கறிஞர் சங்கங்கள் போராடவேண்டும் என்று நான் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4 மார்ச்

‘நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது கௌரவமா’ என்று புதிதாக ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். வ.உ.சி. யார் என்று நினைக்கிறீர்கள்? ஓட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் ஏழைகளுக்காக கிரிமினல் வழக்குகளில் ஆஜரான பிளீடர். 1908-இல் ராஜத் துரோகத் தண்டனை பெற்றதோடு அவர் சன்னதும், அதாவது வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமமும், பறிபோனது. அதைத் திரும்ப வாங்கித் தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். மறுபடி கோர்ட்டில் நிற்கும் உரிமை அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கும் இருக்கிறது. 1944 டிசம்பரில் கைதான தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947 ஏப்ரலில்தான் வெளியே வந்தார்கள், அதுவும் அன்றைக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்த பிறகு. ஊரே கொண்டாடிய நட்சத்திரங்களுக்கே அவ்வளவு காலம்.

8 மார்ச்

முதலில் கேள்வி கேட்ட ஐயா திரும்ப வந்து, மகன் இதையெல்லாம் படித்துவிட்டு இன்னும் பிடிவாதமாகிவிட்டான், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள். அதற்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி). ஆக இன்னும் பல வருடத்துக்கு இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரங்களில் இலவச சட்ட உதவிக்கு முழுநேர எதிரி தரப்பு வழக்கறிஞர் அலுவலகங்கள் வந்திருக்கின்றன, 2022-இல் வந்த திட்டம் அது. வசதி இல்லாதவர்களின் வழக்கே அங்கே வரும் என்பதால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் விடுமுறையில் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடக்கிற நாட்களில் பின் பெஞ்சில் போய் உட்காரட்டும். ஒரு நோட்டு போதும். சாட்சி வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். பிறகு கோர்ட்டில் டைப் ஆன சாட்சியத்தை யாராவது சீனியரிடம் கேட்டு வாங்கி, தான் எழுதியதோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கே வித்தியாசம் என்று அவனுக்கே கண்ணில் பட்டால், எனக்கு இங்கே எழுதச் சொல்லுங்கள். என் ஆபீஸில் ஜூனியருக்கு இடம் இருக்கிறது.